பந்தயக் காரில் பெட்ரோல் கலம்

நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது மோட்டார்ப் பந்தயத்தைச் சேர்ந்த ஒரு பொருள். ஆனால் யார் முந்தினார், யார் பிந்தினார் என்ற கதை அல்ல. பந்தயக் காரின் பின்புறத்திலே பெட்ரோலை எவ்விடத்தில், எவ்விதமாக வைத்தால் வண்டி மோதினாலும் ஓட்டுகிறவர் உயிரோடு வீடு திரும்புவார் என்பதே இன்றைய பேச்சு.

இது நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். புனேயிலும் ஜாம்ஷெட்பூரிலும் குருகிராமத்திலும் மோட்டார்த் தொழிலிலே ஈடுபட்டு வாழ்கிற தமிழ்க் குடும்பங்கள் பல. அக்குடும்பங்களின் பிள்ளைகளில் சிலருக்குப் பந்தயத்தில் மோகம் உண்டு. பழைய கார் ஒன்றை வாங்கி, இருக்கைகளையும் கம்பளத்தையும் கழற்றி எறிந்து, இயந்திரத்தைத் திருத்தி, லோனாவாலாவை அடுத்த ஆம்பி வேலி போன்ற விமான ஓடுதளங்களில் நடக்கும் நேர்க்கோட்டுப் பந்தயத்துக்கோ, கிரேட்டர் நொய்டாவிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் உள்ள களங்களுக்கோ கொண்டுபோகிறார்கள். இயந்திரத்துக்குச் செலவிட்ட பணத்தில் பத்தில் ஒரு பங்கையாவது பெட்ரோல் தொட்டிக்குச் செலவிட்டாயா என்று அவர்களைக் கேட்கும் பொறுப்பு வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு உண்டு. கேட்பதற்கு வேண்டிய அளவு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

முதலில் பெயரைத் தெளிவு செய்துகொள்வோம். ஆங்கிலத்தில் இச்சாதனத்தை 'ஃப்யூயல் செல்' என்பார்கள். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவிக்கும் அதே பெயர்தான். இரண்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பந்தயக்காரர் சொல்லும் செல் என்பது, மோதினாலும் எளிதில் கிழியாத ரப்பர்ப் பை ஒன்றை உலோகப் பெட்டிக்குள் வைத்து, பைக்குள் கடற்பஞ்சு போன்ற நுரையை அடைத்துச் செய்த தொட்டி. பெட்ரோல் கலம் என்று இதனை அழைப்போம். அதை வைக்கும் இடமோ, நம் ஊர் மெக்கானிக் முதல் டில்லி டாக்ஸிக்காரர் வரை எல்லோரும் டிக்கி என்று சொல்லும் பின்பெட்டி. அந்தப் பழகிய சொல்லையே நானும் கையாளுகிறேன்.

இச்சாதனம் பந்தயக் களத்துக்கு வந்த வரலாறு துயரமானது. 1964-ஆம் ஆண்டு மே 24-ஆம் தேதி, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சார்லட் என்னும் நகரை அடுத்த களத்திலே 600 மைல் பந்தயம் நடந்தது. ஏழாவது சுற்றில் முன்னே சென்ற இரு கார்கள் மோதிக்கொண்டன. அவற்றிலிருந்து விலக முயன்ற ஃபயர்பால் ராபர்ட்ஸ் என்பவரின் கார் சுவரில் மோதிக் கவிழ்ந்து தீப்பற்றியது. ஃபயர்பால், அதாவது தீப்பந்து என்பது, அவர் இளமையில் பேஸ்பால் ஆடியபோது பந்தெறிந்த வேகத்துக்காகக் கிடைத்த பட்டப்பெயர். நெட் ஜாரெட் என்ற சக ஓட்டுநர், தம் காரும் எரிந்துகொண்டிருக்க, ஓடிச்சென்று அவரை வெளியே இழுத்தார். இருந்தும் என்ன? முப்பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் போராடி, ஜூலை 2-ஆம் தேதி ராபர்ட்ஸ் உயிர் நீத்தார்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே, மே 30-ஆம் தேதி இண்டியானாபொலிஸ் களத்தில் இரண்டாவது சுற்றிலேயே டேவ் மெக்டொனால்டு என்பவரின் கார் உட்சுவரில் மோதி வெடித்தது. பின்னால் வந்த எடி சாக்ஸ் என்பவர் அந்தத் தீக்குள் புகுந்தார். இருவரும் மாண்டனர். விபத்தின் காரணமாக அந்தப் பந்தயம் நடுவில் நிறுத்தப்பட்டது அதுவே முதல் முறை. அதன்பின் அங்கே பெட்ரோல் விலகி மெதனால் வந்தது. தொட்டிகளும் மாறின. இரண்டாம் உலகப் போரில் குண்டு பட்டாலும் ஒழுகாத ரப்பர்த் தொட்டிகளைப் போர் விமானங்களுக்குச் செய்து பழகிய டயர்க் கம்பெனிகளின் அனுபவம் இப்பொழுது பந்தயக் காருக்குப் பயன்பட்டது. 1970-ஆம் ஆண்டிலிருந்து ஃபார்முலா ஒன் கார்களுக்கும் ரப்பர்ப் பை கட்டாயமாயிற்று.

இனி, கலத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். பையானது நைலான் அல்லது கெவ்லார் நெசவின்மீது ரப்பர் ஏற்றிச் செய்யப்படுவது. மோதினால் அது கசங்கும், வடிவம் மாறும், தகரம்போல் விரிசல் காணாது. உள்ளே உள்ள நுரை, தொட்டியின் கொள்ளளவில் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பங்கு இடத்தைத்தான் அடைத்துக்கொள்ளும். வளைவில் திரும்பும்போது பெட்ரோல் ஒரே பக்கமாக அலைந்து மோதாமல் அது தடுக்கும். தொட்டியின் மேற்புறத்தில் தேங்கும் ஆவியில் தீப்பொறி பட்டால் சுவாலை ஒரே வீச்சாகப் பரவாமலும் தடுக்கும். பையைச் சுற்றியுள்ள பெட்டி, கூர்மையான பொருள்கள் பையைத் தீண்டாமல் காப்பது. அமெரிக்காவின் சாலைப் பந்தயச் சங்க விதிப்படி எஃகானால் 0.036 அங்குலம், அலுமினியமானால் 0.059 அங்குலம் கனமாவது அதற்கு வேண்டும்.

இங்கே வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உள்ளே பையே இல்லாமல், வெறும் பிளாஸ்டிக் பெட்டியில் நுரையை மட்டும் அடைத்து, அதையும் இதே பெயரால் விற்கிறார்கள். விலை மலிவு, பார்வைக்கும் அழகு. சிறிய நேர்க்கோட்டுப் பந்தயங்களில் சில அமைப்பினர் அதை அனுமதிப்பதும் உண்டு. ஆனால் அது வேறு, பையுள்ள கலம் வேறு. உலக மோட்டார் விளையாட்டுச் சம்மேளனம், சுருக்கமாக எஃப்.ஐ.ஏ., தன் முத்திரையை எஃப்.டி.3, எஃப்.டி.3.5, எஃப்.டி.5 என்று உறுதி ஏற ஏற வகுத்திருக்கிறது. அம்முத்திரையும் தயாரித்த தேதியும் பையின்மேல் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குவதே முறை.

சரி, நல்ல கலம் வாங்கியாயிற்று. அதனால் அபாயம் நீங்கிவிட்டதா? இல்லை. பை கிழிந்து தீப்பிடிப்பது அபூர்வம். பையின் வாயும், அதில் பூட்டிய குழாயும், அதைத் தாங்கும் சட்டமும் பிய்ந்து தீப்பிடிப்பதே அதிகம். இதற்குக் கண்கண்ட சாட்சி 2020-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதி பஹ்ரைன் களத்தில் நடந்த விபத்து. ரொமெய்ன் குரோஷான் என்ற பிரெஞ்சு ஓட்டுநரின் கார் மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் இரும்பு வேலியில் மோதி இரண்டாகப் பிளந்து தீப்பிழம்பாயிற்று. ஏறக்குறைய அரை நிமிஷம் தீக்குள் இருந்து அவர் தாமே எழுந்து வந்ததைத் தொலைக்காட்சியில் உலகமே கண்டது. பின்னர் எஃப்.ஐ.ஏ. ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், பெட்ரோல் வெளியேறிய முக்கிய வழிகள் இரண்டு என்று கண்டது. சோதனைக்காக வைத்திருந்த மூடி ஒன்று கழன்றுபோயிற்று. இயந்திரத்துக்குப் பெட்ரோல் கொண்டுசெல்லும் இணைப்பு பையிலிருந்து பிடுங்கப்பட்டது. ஃபார்முலா ஒன் காருக்கு டிக்கி கிடையாதுதான். ஆனாலும் உலகத்திலேயே மிக உயர்ந்த பையை வைத்தும், பெட்ரோல் வாய் வழியே வெளியேறியது என்பதை டிக்கியில் கலம் வைப்பவர் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, கலத்தை வைக்கும் இடத்திலிருந்து தொடங்குவோம். டிக்கி என்பது, பின்னாலிருந்து இன்னொரு வண்டி இடித்தால் நசுங்கிக் கொடுப்பதற்கென்றே அமைந்த பகுதி. அதன் கடைக்கோடியில், பம்பருக்கு ஒட்டினாற்போல் கலத்தை வைத்தால் முதல் அடி அதற்குத்தான். அதற்காக முன்னே தள்ளி, பின் அச்சை உரசுகிறாற்போல் வைக்கலாமா? அதுவும் ஆகாது. அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியின் பின்ட்டோ என்ற கார் விஷயத்தில் நடந்தது இதுவே. சாதாரணச் சாலைக் கார் அது; பந்தயக் கார் அன்று. பின்னால் இடி விழுந்ததும் தொட்டி முன்னே தள்ளப்பட்டு, டிஃபரன்ஷியலின் போல்ட் தலைகள் குத்திக் கிழிந்தது. நிரப்பும் குழாயும் தொட்டியிலிருந்து பிடுங்கிக்கொண்டது. பல உயிர்ச் சேதத்துக்குப் பிறகு, 1978-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, தொட்டிக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவே பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றை வைத்தார்கள். நிரப்பும் குழாயையும் நீளமாக்கினார்கள்.

எனவே, சேஸிஸின் இரு நெடுஞ்சட்டங்களுக்கும் நடுவில், பின் அச்சு மேலும் கீழும் ஆடும் தூரத்துக்குப் போதிய இடைவெளி விட்டு, பம்பரிலிருந்து இயன்றவரை உள்ளே தள்ளி வைக்க வேண்டும். சட்டங்களுக்கு வெளியே ஒரு பக்கமாக ஒதுக்கி வைப்பது கூடாது. எடை தாழ்ந்திருந்தால் வண்டி வளைவில் நன்றாக நிற்கும் என்பதற்காகக் கலத்தைத் தரையை நோக்கி இறக்கிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. ஒரு டயர் வெடித்து வண்டி பின்புறமாக அமர்ந்தால் தரையில் உரசும் முதல் பொருள் கலமாக இருக்கலாகாது. அதற்குக் கீழேயும் பின்னேயும் இரும்புக் குழாயை வளைத்து ஒரு காப்பு வளையம் அமைப்பது நல்லது.

அடுத்தது கலத்தைத் தாங்கும் சட்டம். பட்டறைகளில் மிகுதியாகத் தவறு நடக்கும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். ஸ்டெப்னி வைக்கும் குழியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டையில் கலத்தை இறக்கி, அதன் விளிம்பை டிக்கியின் தரைத் தகட்டோடு நான்கு போல்ட் போட்டு முடுக்கிவிடுகிறார்கள். அசைத்துப் பார்த்தால் பாறைபோல் நிற்கும். ஆனால் அந்தத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இராது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய 44 கிலோ. பையும் பெட்டியும் நுரையும் சேர்ந்தால் 60 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மோதும் கணத்தில் வண்டி புவியீர்ப்பைப்போல் 30 மடங்கு விசையோடு நின்றால், அக்கலம் 1,800 கிலோ எடையுள்ள பொருளாகிச் சட்டத்தை இழுக்கும். நாம் எல்லோரும் ஏறிப் பழகிய அம்பாஸடர் காரே அவ்வளவு எடை கிடையாது. ஓர் அம்பாஸடரை நான்கு போல்ட்டில் தகரத்தில் தொங்கவிடுவோமா? குரோஷானின் விபத்தில் அவ்விசை 67 மடங்கு வரை எட்டியது என்பதையும் இதோடு சேர்த்து எண்ணிப்பாருங்கள்.

முறையான வேலை எப்படியென்றால், முதலில் சதுரக் குழாயால் தொட்டில்போல் ஒரு சட்டம் செய்து, அதைச் சேஸிஸின் நெடுஞ்சட்டங்களோடோ, வண்டிக்குள் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூண்டோடோ இணைக்க வேண்டும். கலத்தின் பெட்டி அத்தொட்டிலில் அமரும். பிறகு எஃகுப் பட்டைகளை நீளவாக்கில் இரண்டும் குறுக்குவாக்கில் இரண்டுமாகப் பெட்டியைச் சுற்றிக் கட்டி, போல்ட்டால் இறுக்க வேண்டும். ஓர் அங்குல அகலமும் அரைக்கால் அங்குலக் கனமும் உள்ள பட்டை இதற்கு வழக்கம். பெட்டியிலேயே துளை போட்டுப் போல்ட் மாட்டுவது கூடாத காரியம். துளையின் விளிம்பு உள்ளே பையை அறுக்கும். தவிர்க்க முடியாமல் மெல்லிய தகட்டின் வழியே போல்ட் போகவேண்டி வந்தால், தகட்டின் இருபுறமும் அகலமான எஃகுத் துண்டு கொடுத்துத்தான் முடுக்க வேண்டும். பெட்டியின் உட்புறத்தில் பற்றவைத்த பிசிறு ஏதேனும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து அரத்தால் ராவிய பிறகே பையை உள்ளே விடவேண்டும். வண்டி ஓடும் அதிர்ச்சியில் அந்தப் பிசிறு நாள்தோறும் பையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

வெல்டிங் வேலை அனைத்தும் கலம் வண்டிக்கு வருமுன்னே முடிந்துவிட வேண்டும். பழைய தொட்டியைக் கழற்றிப் பட்டறைக்கு வெளியே கொண்டுபோய் வைத்த பிறகே வெல்டிங் தொடங்க வேண்டும். காலித் தொட்டிதானே என்று அலட்சியம் செய்வோர் உண்டு. நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டியே கொடியது. ஏனெனில் அதற்குள் இருப்பது பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை. காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும்.

இந்த ஆவியின் குணத்தை இன்னும் சற்று விளக்கினால் மற்றவை எளிதில் புரியும். டில்லியிலும் மும்பையிலும் வசிக்கும் நேயர்கள், டாக்ஸியின் டிக்கியைத் திறந்தால் சி.என்.ஜி. சிலிண்டர் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். பெட்டி வைக்க இடமில்லையே என்று சலித்துக்கொண்டும் இருப்பீர்கள். அந்த வாயு காற்றைவிட இலேசானது. கசிந்தால் மேலே எழுந்து கலைந்து போகப் பார்க்கும். பெட்ரோல் ஆவியோ காற்றைப்போல் மூன்று நான்கு மடங்கு கனமானது. டிக்கியின் தரையிலே, தண்ணீர் தேங்குவதுபோல், கண்ணுக்குத் தெரியாமல் தேங்கி நிற்கும். கடுங்குளிரிலும் அது ஆவியாகிக்கொண்டேயிருக்கும். ஆகையால் டிக்கியின் தரையில் தாழ்ந்த இடம் பார்த்து வடிகால் துளைகள் விடவேண்டும். அவை சைலன்ஸர் குழாய்க்கு நேர் மேலே அமையாதிருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பந்தயக் காரில் எடையைச் சமன் செய்வதற்காகப் பாட்டரியையும் டிக்கிக்குக் கொண்டுவந்து, கலத்துக்குப் பக்கத்திலேயே வைப்பதைப் பல வண்டிகளில் காணலாம். எனக்கு அது சம்மதமில்லை. பாட்டரியை உள்ளே பயணியின் இருக்கை இருந்த இடத்திலோ வேறு எங்கேனுமோ வைக்க வழியுண்டானால் அதுவே மேல். வேறு வழியில்லையென்றால், மூடிய பெட்டிக்குள் இட்டு, முனைகளை ரப்பரால் மூடி, டிக்கியின் மறு ஓரத்தில் தனியே கட்ட வேண்டும். வெளியிலிருந்து ஒரே திருப்பில் மின்சாரம் முழுவதையும் துண்டிக்கும் சுவிட்ச் இருக்க வேண்டும். அதைத் திருப்பினால் பெட்ரோல் பம்பும் நிற்க வேண்டும். வண்டி கவிழ்ந்து கிடக்க, பம்பு மட்டும் அறுந்த குழாயின் வழியே பெட்ரோலைப் பொழிந்துகொண்டிருந்தால், எவ்வளவு நல்ல கலம் இருந்தும் பயனில்லை.

இனி வருவது தடுப்புச் சுவர். சாதாரணக் காரில் டிக்கிக்கும் உட்புறத்துக்கும் நடுவே பின்னிருக்கையின் சாய்மானமும் ஓர் அட்டையுமே இருக்கும். பந்தயத்துக்காக இருக்கையை எடுத்துவிட்டால், ஓட்டுநரின் முதுகுக்கும் பெட்ரோலுக்கும் இடையே வெறும் காற்றுதான். ஆதலால் இடம் முழுவதையும், பின் கண்ணாடியின் கீழுள்ள பலகை உட்பட, உலோகத் தகட்டால் அடைத்தே ஆகவேண்டும். அமெரிக்க நேர்க்கோட்டுப் பந்தயச் சங்கத்தின் விதியில் எஃகானால் 0.024 அங்குலம், அலுமினியமானால் 0.032 அங்குலம் என்று கண்டிருக்கிறது. விதி இரண்டையும் ஒப்புக்கொண்டாலும் நான் எஃகையே சொல்வேன். அலுமினியம் 660 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும். எரியும் பெட்ரோல் அதற்கு மேலும் சுடும். எடையில் மிச்சமாகும் இரண்டொரு கிலோவைவிட, ஓட்டுநர் வார்களை அவிழ்த்துக்கொண்டு வெளியேற அதிகமாகக் கிடைக்கும் சில விநாடிகள் பெரிது.

தகடு அடித்துவிட்டால் போதாது. ஒயர் போகும் துளை, குழாய் போகும் துளை, சீட் பெல்ட் பூட்டியிருந்த பழைய துளை, சக்கர வளைவின் மேல் தகடு சரியாகப் படியாத இடுக்கு, இவையெல்லாம் தீக்கும் புகைக்கும் வாசல்கள். இரவில் டிக்கிக்குள் ஒரு விளக்கை ஏற்றி வைத்து மூடிவிட்டு, வண்டிக்குள் அமர்ந்து பாருங்கள். இதைச் செய்யும்போது கலம் வண்டியில் இருக்கக் கூடாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. விளக்கும் மின்சார விளக்காகவே இருக்கட்டும். எங்கெங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் அடைக்க வேண்டும். ஒரு நாள் வேலைதான். ஆனால் பட்டறையில் பொறுமையற்றவர்கள் விட்டுவிடுவது இதைத்தான்.

நிரப்பும் வாயைப் பற்றி முன்னமே ஒரு குறிப்புச் சொன்னேன். வாயின் மூடி காரின் வெளித்தகட்டில் இருக்கிறது. கலம் சேஸிஸில் இருக்கிறது. மோதலில் வெளித்தகடு ஒரு பக்கம் போகும், கலம் இன்னொரு பக்கம் போகும். இரண்டையும் விறைப்பான குழாயால் இணைத்திருந்தால் குழாய் கலத்தின் மேல்மூடியைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். வளைந்து கொடுக்கும் குழாயால் இணைத்து, கலத்தின் வாயிலேயே ஒருவழி அடைப்பு ஒன்றை வைத்தால், குழாய் அறுந்தாலும் பெட்ரோல் வெளியே கொட்டாது. இன்னும் எளிய வழி, வெளியே மூடியே வைக்காமல், டிக்கியைத் திறந்து கலத்தின் தலையிலேயே நிரப்புவது. வேகமாக நிரப்பவேண்டிய நெடும் பந்தயங்களுக்கு அது ஒத்துவராது. சிறிய பந்தயங்களுக்கு அதைவிடப் பத்திரமான முறை வேறில்லை. நிரப்பும்போது உராய்வினால் மின்பொறி தோன்றாதிருக்க, வாயின் உலோகப் பகுதியை ஒரு கம்பியால் சேஸிஸோடு இணைத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் பெட்டியானால் இது மிகமிக அவசியம்.

காற்றுக் குழாய் சிறிய பொருள்; ஆனால் அதனால் வரும் தொல்லை சிறிதன்று. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்றுப் போகவேண்டும். வெயிலில் ஆவி பெருகினால் வெளியே வரவேண்டும். இதற்காகக் கலத்தின் தலையில் உள்ள துளையை டிக்கிக்குள்ளேயே திறந்துவிட்டவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் டிக்கி முழுவதும் ஆவி நிறைந்துவிடும். குழாய் கலத்தின் தலையிலிருந்து மேலே ஏறி, டிக்கியின் உச்சியை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு இறங்கி, தரைத் தகட்டின் வழியே வண்டிக்கு வெளியே, சைலன்ஸருக்கு எட்டாத மூலையில் முடிய வேண்டும். வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தாலும் பெட்ரோல் வழியாதிருப்பதற்கே அந்தச் சுற்று. முழுவதும் கவிழ்ந்துவிட்டால் அதுவும் போதாது. அதற்காகக் கலத்தின் தலையிலேயே ஒரு வால்வு வைக்கப்படுகிறது. அதற்குள் ஒரு குண்டு இருக்கும்; வண்டி தலைகீழானதும் குண்டு உருண்டு வாயை அடைத்துக்கொள்ளும். வால்வை நிமிர்ந்த நிலையில்தான் பூட்ட வேண்டும். குழாயைச் செலுத்த வசதியாக இருக்கிறதென்று படுக்கவைத்துப் பூட்டினால் அது வேலை செய்யாது.

பெட்ரோல் செல்லும் குழாய்களைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. எஃகுப் பின்னலிட்ட குழாயோ உலோகக் குழாயோ கொள்ளலாம். ஓட்டுநர் அமரும் பகுதியின் வழியே போகவேண்டி வந்தால், அங்கே ஓர் இணைப்பும் இல்லாத உலோகக் குழாயாக இருக்கட்டும். கலத்தருகே சிறிது தளர்வு விட்டுப் பூட்ட வேண்டும். குரோஷானின் காரில் பிடுங்கிக்கொண்டதும் இயந்திரத்துக்குச் செல்லும் இணைப்புத்தான்.

மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். இவையெல்லாம் பந்தயக் களத்துக்கு மட்டுமே ஓடும் வண்டிக்கு. நாள்தோறும் சாலையில் ஓடும் காரில் கம்பெனி வைத்த தொட்டியை எடுத்துவிட்டு இதை வைப்பது மோட்டார் வாகனச் சட்டத்துக்கு விரோதம். களத்திலும் அந்தந்தப் பந்தயத்தை நடத்துவோரின் விதிப்புத்தகமே இறுதியானது. நான் சொன்ன அளவுகளை அதனோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பைக்கு ஆயுள் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. எஃப்.ஐ.ஏ. விதிப்படி தயாரித்த தேதியிலிருந்து ஐந்து ஆண்டு. அதன்பின் தயாரித்தவரிடமே திருப்பி அனுப்பிச் சோதித்து முத்திரை பெற்றால் மேலும் இரண்டு ஆண்டு. நுரை அதற்கும் முன்னே நைந்துபோகும், ஆல்கஹால் கலந்த எரிபொருளானால் இன்னும் விரைவில். பெட்ரோல் வடிகட்டியில் பொடிப்பொடியாக மஞ்சளாகவோ கறுப்பாகவோ ஏதேனும் தென்பட்டால் அது நுரையின் துகள். மேல்மூடியைக் கழற்றி மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. திரும்பப் பூட்டும்போது பழைய காஸ்கெட்டை வைக்கவேண்டாம். மூடியைச் சுற்றியுள்ள போல்ட்டுகளை வரிசையாக முடுக்காமல் எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்குங்கள். ஒரு புறமாக இறுக்கினால் மறுபுறம் தூக்கிக்கொள்ளும்.

கலத்தைப் பூட்டி முடித்ததும், பந்தயத்துக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை, பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியைக் காற்றோட்டமான வெளியிடத்தில் நிறுத்தி, கலத்தை முழுவதும் நிரப்புங்கள். அடியில் வெள்ளைக் காகிதம் விரித்து, டிக்கியை மூடி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். அடுப்பும் சிகரெட்டும் அப்பக்கம் வராதபடி ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். காலையில் டிக்கியைத் திறந்தவுடன் முதலில் மூக்கினால் சோதியுங்கள். காகிதத்தில் கறை இல்லாவிட்டாலும் வாசனை இருக்குமானால், பாட்டரியை இணைக்கவேண்டாம். கலத்தைக் காலி செய்து, மேல்மூடி, நிரப்பும் வாய், காற்றுக் குழாய், இயந்திரத்துக்குச் செல்லும் இணைப்பு ஆகிய இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கசிவு அந்த நான்கில் ஒன்றில்தான் பெரும்பாலும் இருக்கும்.